திருச்சிராப்பள்ளி முற்றுகையும் கம்பெனியின் காப்புறுதியும்

திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்காக 1751 முதல் 1754 வரை நடந்த சண்டைகள் பாடநூல்களில் கர்நாடகப் போர்களின் ஓர் அத்தியாயமாகவும், ராபர்ட் கிளைவின் எழுச்சிக் கதையாகவும் சொல்லப்படுகின்றன. அந்தச் சண்டைகளுக்கு இன்னொரு முகமும் உண்டு. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி தமிழகத்தின் உள்நாட்டு நகரம் ஒன்றுக்கு ‘உன்னைக் காப்பது என் பொறுப்பு’ என்று ஏற்றுக்கொண்டு, அதற்காகப் பல ஆண்டுகள் போரிட்டது இங்கேதான். வணிகக் கம்பெனி ஒன்று அரசியல் சக்தியாக மாறியதில் பீரங்கிக்கு இருந்த பங்கு, நவாபும் அண்டை மன்னர்களும் சிப்பாய்களும் கம்பெனியின் சொல்லை நம்பியதற்கும் உண்டு. அந்த நம்பிக்கை எப்படி ஈட்டப்பட்டது, யாருடைய நம்பிக்கை காக்கப்பட்டது, யாருடையது கைவிடப்பட்டது என்பதைத் திருச்சியும் ஸ்ரீரங்கமும் தெளிவாகக் காட்டுகின்றன.

கோட்டையும் தீவும்

திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. இரு ஆறுகளும் கிழக்கே கல்லணை அருகில் மீண்டும் நெருங்கி வருகின்றன. இடைப்பட்ட தீவில் ஏழு மதில்கள் சூழ்ந்த அரங்கநாதர் கோயிலும், அதற்குக் கிழக்கே திருவானைக்காவல் கோயிலும் உள்ளன. காவிரியின் தென்கரையில், சுமார் 83 மீட்டர் உயரமுள்ள மலைக்கோட்டைப் பாறையைச் சுற்றிப் பழைய நகரம் அமைந்திருந்தது. அதற்கு மதிலும் அகழியும் இருந்தன. பாறை உச்சியில் நிற்பவருக்குத் தீவு முழுவதும் தெரியும். தீவில் பாசறை அமைப்பவர் நகரத்துக்கு வடக்கிலிருந்து வரும் உணவையும் ஆட்களையும் மறிக்க முடியும். கோட்டையைக் காத்தவர் எவராயினும் ஸ்ரீரங்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதைக் கவனித்தே வாழ வேண்டியிருந்தது.

கம்பெனி வருவதற்கு முன்பே, வாக்குறுதி முறிவதைத் திருச்சி பார்த்திருந்தது. மதுரை நாயக்கர் மரபின் கடைசி அரசியான மீனாட்சியைக் காப்பதாகக் குர்ஆன் மீது சத்தியம் செய்துவிட்டுச் சந்தா சாகிப் 1730களில் நகரைக் கைப்பற்றினார் என்றும், உறையிட்டு வைத்திருந்தது குர்ஆன் அல்ல, செங்கல் என்றும் ஒரு கதை வழங்குகிறது. செங்கல் கதை மெய்யோ பொய்யோ, அரசி ஏமாற்றப்பட்டு நஞ்சுண்டு மாண்டார் என்பதே மக்கள் நினைவில் நின்றது. 1741-இல் மராத்தியர் நகரைப் பிடித்துச் சந்தா சாகிபைச் சதாராவுக்குச் சிறைகொண்டு சென்றனர். 1743-இல் நிஜாம் அதை மீட்டார். ஏழெட்டு ஆண்டுகளுக்குள் இத்தனை கை மாறிய நகரத்துக்கு எந்தப் பாதுகாவலர் மீதும் எளிதில் நம்பிக்கை வராது.

முதல் உறுதி, முதல் ஓட்டம்

1749 ஆகஸ்டில் ஆம்பூர்ப் போரில் நவாப் அன்வருத்தீன் கொல்லப்பட்டார். அவருடைய மகன் முகம்மது அலி திருச்சிக்குள் அடைக்கலம் புகுந்தார். சந்தா சாகிபுக்குப் பாண்டிச்சேரி ஆளுநர் டூப்ளே துணை நின்றார். முகம்மது அலி ஒரு புறம் ஆங்கிலேயரிடம் உதவி கேட்டார். மறு புறம் திருச்சியை ஒப்படைப்பது பற்றி டூப்ளேயுடன் பேரம் பேசிக்கொண்டிருந்தார். இதை இரட்டை வேடம் என்று மட்டும் சொல்வது நியாயமாகாது. ஆங்கிலேயர் 1746-இல் சென்னையையே பிரெஞ்சுக்காரரிடம் இழந்து, 1749-இல் ஐரோப்பிய உடன்படிக்கை ஒன்றின் பயனாகத்தான் திரும்பப் பெற்றிருந்தனர். தன் சொந்தக் கோட்டையைக் காக்க முடியாதவர், கடலிலிருந்து இத்தனை தொலைவில் இருக்கும் திருச்சியைக் காப்பார் என்று அவர் நம்பக் காரணம் எதுவும் இல்லை.

1751-இல் கம்பெனி அனுப்பிய படையின் தொடக்கமும் அந்த ஐயத்தைப் போக்கவில்லை. இன்றைய பெரம்பலூர் மாவட்டத்தில் உள்ள வாலிகண்டபுரத்தில் சந்தா சாகிபின் படையை எதிர்கொண்டபோது ஐரோப்பியப் படைப்பிரிவு பீதியடைந்து பின்வாங்கியது. நவாபின் சகோதரர் அப்துல் வகாப் கான் குதிரையில் வந்து, இன்னும் களத்தில் நின்றுகொண்டிருந்த தன் வீரர்களைச் சுட்டிக்காட்டி ஆங்கிலேயரைக் கடிந்துகொண்டதாக ராபர்ட் ஓர்ம் எழுதுகிறார். ஓர்ம் கம்பெனியின் வரலாற்றாசிரியர். இந்தப் போர்களின் நுணுக்கமான செய்திகளில் பெரும்பகுதி அவர் வழியாகவே வருகிறது. அவரே மறைக்காத செய்தி இது. கேப்டன் ஜிஞ்சன்ஸ் தலைமையிலான அந்தப் படை கடைசியில் திருச்சியின் மதில்களுக்கு அடியில் ஒதுங்கியது. முற்றுகை தொடங்கியது.

கிளைவ் 200 ஐரோப்பியரும் 300 சிப்பாய்களும் கொண்ட சிறு படையுடன் 1751 செப்டம்பரில் ஆற்காட்டைப் பிடித்தது, திருச்சி மீதான நெருக்கடியைக் குறைப்பதற்காகத்தான். சந்தா சாகிப் தன் மகன் ரசா சாகிபை ஒரு பகுதிப் படையுடன் அங்கே அனுப்ப வேண்டியதாயிற்று. ஐம்பது நாள் முற்றுகையைக் கிளைவ் தாக்குப்பிடித்தார். இதன் விளைவுகளில் முக்கியமானது முராரி ராவின் முடிவு. குத்தி நாட்டு மராத்தியத் தலைவரான அவர், மைசூர்ப் பணத்தில் முகம்மது அலிக்கு உதவ அமர்த்தப்பட்டும், யார் வெல்வார் என்று பார்த்தபடி நகராமல் இருந்தார். ஆங்கிலேயருக்குச் சண்டையிடத் தெரியும் என்று இப்போதுதான் அறிந்ததாகவும், தங்களைத் தாங்களே காத்துக்கொள்ள முனைவோருக்கு உதவலாம் என்றும் அவர் சொல்லியனுப்பியதாகச் செய்தி. கூட்டாளிகளின் நம்பிக்கை எப்படிப் பிறந்தது என்பதற்கு இதைவிட வெளிப்படையான சான்று கிடைப்பது அரிது.

ஸ்ரீரங்கத்தில் சரண்

1752 வசந்தத்தில் ஸ்ட்ரிஞ்சர் லாரன்ஸும் கிளைவும் பெரும் தளவாடங்களுடன் திருச்சியை அடைந்தனர். பிரெஞ்சுத் தளபதி ஜாக் லா, தென்கரை நிலைகளைக் கைவிட்டுத் தீவுக்குள் பின்வாங்கினார். அவர் செய்த மிகப் பெரிய பிழை இதுவே. கோயில் மதில்கள் அரணாகத் தோன்றினாலும், இரு ஆறுகளுக்கும் அப்பால் எதிரி இருந்தால் தீவு ஒரு பொறி. கிளைவ் கொள்ளிடத்தைக் கடந்து வடகரையில் சமயபுரத்தில் நிலைகொண்டார். பாண்டிச்சேரியிலிருந்து வந்த உதவிப் படையும் வழியிலேயே சரணடைந்தது. ஜூன் மாதத்தில் லா தன் படையுடன் ஆயுதங்களை ஒப்படைத்தார்.

சந்தா சாகிப் தஞ்சாவூர்த் தளபதி மானோஜியிடம் தப்பிச்செல்ல வழி கேட்டார். பாதுகாப்பாக அனுப்பிவைப்பதாக மானோஜி சத்தியம் செய்து கொடுத்தார். சந்தா சாகிப் வந்ததும் விலங்கிடப்பட்டார். அவர் யாருக்குச் சொந்தம் என்று மைசூரும் முராரி ராவும் நவாபும் சண்டையிட்டபோது, ஆங்கிலேயரின் காவலில் வைக்கலாம் என்று லாரன்ஸ் யோசனை சொன்னார். ஒருமித்த கருத்து ஏற்படவில்லை. மானோஜியின் கட்டளைப்படி சந்தா சாகிபின் தலை துண்டிக்கப்பட்டு நவாபுக்கு அனுப்பப்பட்டது. மீனாட்சிக்கு அவர் செய்த சத்தியத்தின் பலன் என்று பலர் பேசிக்கொண்டதில் வியப்பில்லை. ஆனால் கம்பெனியின் பொறுப்பு பற்றிய கேள்வி அந்தப் பேச்சில் மறைந்துவிடுகிறது. களத்தில் வலிமை மிகுந்த படை லாரன்ஸுடையது. உறுதியாகக் கேட்டிருந்தால் அந்தக் கைதியை அவர் காத்திருக்க முடியும்.

அதே நாட்களில் கோயிலுக்குள் நடந்தது வேறு விதமானது. சந்தா சாகிபின் படையைச் சேர்ந்த ஆயிரம் ராஜபுத்திரர் கோயிலின் உட்பகுதியில் அடைத்துக்கொண்டு, மூன்றாம் மதிலைத் தாண்டி எவர் நுழைந்தாலும் வெட்டிச் சாய்ப்போம் என்றனர். ஆங்கிலேயர் அந்த எல்லையை மதிப்பதாக வாக்களித்தனர், மீறவும் இல்லை. சரணடைந்தவர்களின் ஆயுதங்களைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்த வெற்றிப் படைக்கு இந்த வாக்கைக் காப்பாற்ற எந்தக் கட்டாயமும் இல்லாதிருந்தும் காப்பாற்றியது.

நஞ்சராஜருக்குச் சொன்ன வாக்கு

வெற்றிக்குப் பிறகுதான் ஓர் இரகசியம் வெளியே வந்தது. மைசூரின் உதவியைப் பெறுவதற்காக, திருச்சியையும் அதைச் சார்ந்த நாட்டையும் கொடுத்துவிடுவதாக முகம்மது அலி மைசூர் அதிகாரி நஞ்சராஜருக்கு வாக்களித்திருந்தார். நஞ்சராஜர் இப்போது அதைக் கேட்டார். நவாப் இரண்டு மாதத் தவணை சொன்னார். ஸ்ரீரங்கத்தின் வருவாயைக் கொடுத்தார். 700 மைசூர் வீரர்களை நகருக்குள் அனுமதித்தார். கோட்டையை மட்டும் கொடுக்கவில்லை.

கம்பெனி எடுத்த நிலைப்பாடு குறிப்பிடத்தக்கது. வாக்கு கொடுத்தவர் நவாப், தான் அல்ல என்பது அதன் வாதம். நவாபையும் கோட்டையையும் காப்பது மட்டுமே தன் கடமை என்றது. சட்டப்படி இதில் குறை காண்பது கடினம். நடைமுறையிலோ, நவாப் தன் வாக்கை மீறத் துணிந்ததே கேப்டன் ஜான் டால்ட்டனின் காவற்படை கோட்டைக்குள் இருந்ததால்தான். ஒருவரின் பாதுகாப்புக்கு உத்தரவாதம் தருபவர், அவர் செய்யும் ஏமாற்றுக்கும் பாதுகாப்பு தந்தவராகிறார். நஞ்சராஜர் சிப்பாய்த் தலைவர்களுக்குக் கையூட்டுக் கொடுத்துக் கோட்டையைப் பிடிக்கப் பார்த்தார். அது பலிக்காமல் போகவே, பிரெஞ்சுக்காரர் பக்கம் சாய்ந்தார். நகருக்குள் இருந்த மைசூர் வீரர்களை டால்ட்டன் வெளியேற்றினார். ஸ்ரீரங்கத்தில் பாசறை அமைத்திருந்த முந்தைய நண்பர், இப்போது உணவை மறிக்கும் பகைவர் ஆனார்.

காலியான நகரம்

1753-இன் தொடக்கத்தில் லாரன்ஸின் படை கடலூர்ப் பக்கம் இருந்தது. திருச்சிக் களஞ்சியத்தில் மாதக்கணக்கில் தானியம் உள்ளது என்று நவாபின் உறவினரான கோட்டை அதிகாரி சொல்லிவந்ததை டால்ட்டன் நம்பியிருந்தார். திறந்து பார்த்தபோது சில வாரங்களுக்கு மட்டுமே இருந்தது. மீதியை அந்த அதிகாரி நல்ல விலைக்கு விற்றிருந்தார். செய்தி கிடைத்ததும் லாரன்ஸ் கோடை வெயிலில் விரைந்து வந்தார். வழியில் வெப்பத்தாலேயே பல வீரர்கள் மாண்டனர்.

அரிசி விலை ஏறியது, விறகும் கிடைக்கவில்லை. மக்கள் கூட்டம் கூட்டமாக வெளியேற, பெருநகரம் காவற்படையின் முகாமாகச் சுருங்கியது. ஆட்சியாளரை நம்புகிறோமா இல்லையா என்று குடிமக்களிடம் கேட்பார் எவரும் இல்லாத காலத்தில், அவர்கள் தந்த விடை இது. மூட்டை கட்டிக்கொண்டு வெளியேறுவதற்குப் படைபலமும் ஒப்பந்தமும் தேவையில்லை.

இதற்கு நேர்மாறான நிகழ்வு ஒன்று 1941 டிசம்பரில் பினாங்கில் நடந்தது. சப்பானியக் குண்டுவீச்சுக்குப் பிறகு பிரிட்டிஷ் நிர்வாகம் ஐரோப்பியர்களை மட்டும் இரவோடிரவாகக் கப்பலேற்றியது. தமிழர், சீனர், மலாய்க்காரர் எவருக்கும் செய்தி சொல்லப்படவில்லை. தீவு விழுந்ததைக் காட்டிலும், சொல்லாமல் போனதுதான் மலாயா முழுவதும் பிரிட்டிஷ் ஆட்சி மீதிருந்த மதிப்பைக் குலைத்தது. 1753-இல் திருச்சியில் குடிமக்கள் போனார்கள், காவற்படை நின்றது. கம்பெனியின் கணக்கில் இது வெற்றி. கோட்டை காப்பாற்றப்பட்டால் போதும், உள்ளே குடியிருப்பவர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்ற கணக்கு அதற்குள் இருக்கிறது.

அடுத்த ஓராண்டு முழுவதும் போராட்டம் அரிசி வண்டிகளுக்காகவே நடந்தது. பொன்மலைப் பாறையை ஒட்டி 1753-இல் நடந்த சண்டைகளை லாரன்ஸ் வென்றார். இன்று ரயில்வே பணிமனையால் அறியப்படும் அதே பொன்மலைதான். நவம்பரில் பிரெஞ்சுக்காரர் இரவில் மதில் ஏறிக் கோட்டைக்குள் நுழைய முயன்று தோற்றனர். ஆனால் 1754 பிப்ரவரியில் ஒரு பெரிய தானியத் தொடர் காவலுடன் சேர்த்து முழுமையாகப் பறிபோனது. கோட்டை பட்டினியால் விழாமல் காத்தவர்களில் இருவரைத் தனியே சொல்ல வேண்டும். ஒருவர் புதுக்கோட்டை மன்னர் விஜய ரகுநாத ராய தொண்டைமான். தன் நாடு சூறையாடப்பட்டபோதும் அவர் தானியம் அனுப்புவதை நிறுத்தவில்லை. மற்றவர் பிற்காலத்தில் மருதநாயகம் என்று புகழ்பெற்ற யூசுப் கான். தொண்டைமானின் காடுகள் வழியாக வண்டிகளைக் கொண்டுவந்து சேர்த்தவர்.

அவர்மீதே துரோகப் பழி சுமத்தும் கடிதம் ஒன்று 1754-இல் கண்டெடுக்கப்பட்டது. விசாரணையில், லாரன்ஸின் துபாஷி பொன்னியப்பன் புனைந்த கடிதம் அது என்று தெரியவந்தது. பொன்னியப்பன் பீரங்கி வாயில் வைத்துக் கொல்லப்பட்டார். நாட்டு மொழி தெரியாத தளபதி, நாட்டாரின் நம்பிக்கையை ஒரே ஒரு மொழிபெயர்ப்பாளரின் நாவை நம்பி நடத்திவந்தார் என்பதே இதில் கவனிக்க வேண்டியது.

தஞ்சை மன்னர் பிரதாப சிங் இரு பக்கமும் சாயாமல் நாட்களைக் கடத்திக்கொண்டிருந்தார். கோவிலடி அருகே காவிரியின் கரையை எதிர்ப்படை வெட்டி, நீரைக் கொள்ளிடத்தில் வடியவிட்டபோதுதான் அவர் ஆங்கிலேயர் பக்கம் வந்தார். கரையை அடைத்த வேலையாட்களுக்குக் காவலாகக் கம்பெனிப் படை அனுப்பப்பட்டது. டெல்டா உழவருக்கு எந்த வெற்றிச் செய்தியைவிடவும் இது புரிந்திருக்கும். 1754 அக்டோபரில் போர்நிறுத்தம் வந்தது. டூப்ளே திரும்ப அழைக்கப்பட்டார். திருச்சி நவாபிடமே நின்றது.

தஞ்சாவூருக்குத் தந்த உத்தரவாதம்

இந்தப் போர்களால் ஈட்டிய மதிப்பைக் கம்பெனி விரைவாகவே செலவழித்தது. 1762-இல் நவாபுக்கும் தஞ்சை மன்னருக்கும் இடையே ஓர் உடன்படிக்கை செய்து வைத்துத் தானே உத்தரவாதம் அளித்தது. பாக்கிக்காக 22 லட்சம் ரூபாயும், ஆண்டுதோறும் 4 லட்சம் ரூபாயும் தஞ்சை செலுத்த வேண்டும். செலுத்தினால் தொந்தரவு இல்லை. ஆனால் 1771-இல் அதே கம்பெனியின் படை நவாபுக்காகத் தஞ்சையை முற்றுகையிட்டது. 1773-இல் நகரைப் பிடித்து மன்னர் துளஜாவைச் சிறைவைத்தது. லண்டன் இயக்குநர்களின் ஆணைப்படி 1776-இல் நாட்டைத் திருப்பிக் கொடுத்த ஆளுநர் பிகாட் பிரபுவைச் சென்னைக் கவுன்சில் உறுப்பினர்களே கைது செய்தனர். காவலிலேயே அவர் இறந்தார்.

காரணம் கடன். திருச்சியைக் காத்த செலவு உட்படப் போர்ச்செலவெல்லாம் நவாபின் தலையில் ஏறியது. அதை அடைக்க அவர் கம்பெனி ஊழியர்களிடமே தனிப்பட்ட முறையில் அதிக வட்டிக்குக் கடன் வாங்கி, ஊர்களின் வரி வருவாயை ஈடாக எழுதிக் கொடுத்தார். தஞ்சையின் வருவாய் கிடைத்தால்தான் கடன் கொடுத்தவர்களுக்குப் பணம் திரும்பும். காவலாளியே கடன்காரனாக வாசலில் நிற்கும் நிலை. அரசியல் அதிகாரம் என்பது ஆளப்படுவோரின் நலனுக்காக ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு, அதற்குக் கணக்குக் காட்டியாக வேண்டும் என்று எட்மண்ட் பர்க் 1783-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் வாதிட்டார். 1785-இல் ஆற்காடு நவாபின் கடன்களைப் பற்றியே நீண்ட உரை நிகழ்த்தினார். கடன்கள் தீர விசாரிக்கப்படாமலே ஏற்கப்பட்டன. அந்தப் பணம் கர்நாடக நாட்டுக் குடியானவர்களிடமிருந்து வசூலிக்கப்பட்டது. 1781-இல் ஐதர் அலி திருச்சி வட்டாரத்தைச் சூறையாடி ஸ்ரீரங்கம் வரை வந்தபோது, இத்தனை வரி வாங்கியவர்களால் மதிலுக்கு வெளியே இருந்த ஓர் ஊரையும் காக்க முடியவில்லை.

1801: மதிலில் ஒட்டிய அறிக்கை

1801 ஜூன் 16 அன்று சிவகங்கையின் சின்ன மருது பெயரால் ஓர் அறிக்கை திருச்சிக் கோட்டை வாயிலிலும் ஸ்ரீரங்கம் கோயில் வெளிமதிலிலும் ஒட்டப்பட்டது. சிவகங்கையிலோ மதுரையிலோ ஒட்டாமல் இந்த இரண்டு இடங்களைத் தேர்ந்ததில் கருத்து உண்டு. ஒன்று ஐம்பது ஆண்டுகளாகக் கம்பெனியின் வாக்குறுதிக்கு அடையாளமாக நின்ற கோட்டை. மற்றொன்று தென்னாட்டின் எல்லாப் பகுதியினரும் வந்து போகும் கோயில்.

நாவலந்தீவின் எல்லாச் சாதியினரையும் அது விளித்தது. நவாப் முகம்மது அலி அறியாமையால் ஐரோப்பியருக்கு இடம் கொடுத்தார், அவர்கள் கொடுத்த வாக்கை மீறி நாட்டையே தமதாக்கிக்கொண்டார்கள் என்பது அதன் முதன்மையான குற்றச்சாட்டு. ஒற்றுமையின்மையால் மக்கள் அடிமைப்பட்டதையும் வறுமை பெருகியதையும் சொல்லி, சிப்பாய்கள் உட்பட அனைவரையும் ஆயுதம் ஏந்த அழைத்தது. அறிக்கையைக் கிழிப்பவர் பெரும் பாவத்துக்கு ஆளாவார் என்றும் எச்சரித்தது. ஐரோப்பியர் அந்நியர் என்பதோடு அது நின்றுவிடவில்லை. நம்பி இடம் கொடுத்தவரை ஏமாற்றினார்கள் என்பதே அதன் வாதத்தின் மையம். நம்பிக்கையைப் பெற்றுக்கொண்டவருக்கு அதனால் ஒரு கடமை உண்டு என்று கருதியதால்தான் இப்படி எழுத முடிந்தது.

கம்பெனியின் பதில் இரண்டு வழிகளில் வந்தது. சிவகங்கைச் சீமைக்குப் படமாத்தூர் கௌரி வல்லப உடையத் தேவரை உரிமையாளராக அறிவித்து, எதிர்ப்பாளர்களின் ஆதரவைப் பிளந்தது. பிறகு படையை முடுக்கியது. மருது சகோதரர்கள் அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி உட்பட எழுபதுக்கும் மேற்பட்டோர் 1802-இல் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டனர்.

இடையில், அறிக்கை ஒட்டப்பட்டு ஒன்றரை மாதத்துக்குள், நவாப் குடும்பத்தின் கணக்கும் முடிக்கப்பட்டது. முகம்மது அலியின் மகன் உம்தத்துல் உமாரா ஜூலை 15 அன்று இறந்தார். அசீமுத் தௌலாவைப் பெயரளவில் நவாபாக்கி, ஜூலை 31 அன்று செய்த உடன்படிக்கையால் கர்நாடகத்தின் முழு நிர்வாகத்தையும் கம்பெனி எடுத்துக்கொண்டது. திருச்சிராப்பள்ளி மாவட்டமாயிற்று, ஜான் வாலஸ் அதன் முதல் கலெக்டர் ஆனார். கோட்டை மதில்கள் பிற்காலத்தில் பெரும்பாலும் இடிக்கப்பட்டன. மெயின் கார்டு கேட் எனப்படும் மேற்கு வாயில் கடைவீதியின் நடுவே இன்றும் நிற்கிறது. மருதுவின் அறிக்கை வாசகம் இன்று படிக்கக் கிடைப்பது, கம்பெனி தன் கோப்புகளில் சேர்த்து வைத்த ஆங்கில மொழிபெயர்ப்பின் வழியாகத்தான்.